டின் பட்டாணியும் மூட்டைப் பட்டாணியும்

அக்காவுக்கு டின்னில் அடைத்த காய் என்றாலே ஆகாது. "செத்த சாமான்" என்பார். அதே அக்கா வற்றலைக் கண்டால் ஒரு கைப்பிடி கூடுதலாகவே அள்ளுவார். வெயிலில் காய்ந்ததில் என்ன கெடுதல் வந்துவிடும் என்பது அவர் கட்சி. வயது 74. பதினான்கு வயதில் தொடங்கி முதுகு வளையும்வரை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். இப்போது இரத்த அழுத்தத்துக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை. சென்ற முறை கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். வீட்டில் சமைப்பது நான்தான். ஆகவே எங்கள் வீட்டுக்குள் உப்பு எந்த வழியாக நுழைகிறது என்று பார்ப்பது என் பொறுப்பாகிவிட்டது.

நான் 31 ஆண்டுகள் தோட்ட மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்தவன். தோட்டத்தில் 'டிரசர்' என்பார்கள். மாதம் தவறாமல் ஆயாக்கொட்டகை என்ற பிள்ளைக் காப்பகத்துக்குப் போய்க் குழந்தைகளை எடைபோட்டு அட்டையில் குறித்தவன். நிறுத்துப் பார்க்காமல் ஒன்றை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல எனக்கு வாய் வராது. எனவே எங்கள் ஊர் மளிகைக்கடை ஒன்றில் டின் அலமாரியிலிருந்தும் காய்ந்த சரக்கிலிருந்தும் ஜோடி ஜோடியாக வாங்கி வந்தேன். மூன்று வாரம் சமைத்தும் நிறுத்தும் லேபிளைப் படித்தும் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் கடை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள பழைய கடைவீடு. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவர் முழுவதும் டின்கள்: பட்டாணி, கொண்டைக்கடலை, காளான், சோளம், தக்காளி பேஸ்ட். வலப்பக்கம் வாயை மடித்துவிட்ட மூட்டைகளில் பருப்பு, பட்டாணி, கடலை, மொச்சை. அவற்றுக்கு மேலே கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்ட வற்றல் பொட்டலங்கள். மூட்டைச் சரக்கை 100 கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட, ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்னும் முதியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். தராசும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்த்தேன். வண்டு இருந்தால் அங்கேதான் இருக்கும். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் சுத்தமாக இருந்தது.

பட்டாணியில் இருந்து தொடங்குகிறேன். அதில்தான் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது.

425 கிராம் டின்னைத் திறந்து வடிகட்டியில் கவிழ்த்தேன். கொழகொழவென்று பச்சைத் தண்ணீர் வடிந்தது. தண்ணீர் போக எஞ்சிய பட்டாணி 250 கிராம். லேபிளில் பட்டாணி, தண்ணீர், சீனி, உப்பு, நிறமூட்டி என்று வரிசையாகப் போட்டிருந்தது. எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரவேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. ஆகவே அந்த டின்னில் உப்பைவிடச் சீனி அதிகம். முகப்பில் 'புரோசஸ்ட் பீஸ்' என்று பெரிய எழுத்து. இந்தப் பெயரைப் பலர் கவனிப்பதில்லை. பச்சையாகப் பறித்த பட்டாணியை அடைத்தால் அதற்கு 'கார்டன் பீஸ்' என்று பெயர். 'புரோசஸ்ட் பீஸ்' வேறு. முற்றிக் காய்ந்த பட்டாணியை ஆலையில் ஊறவைத்து, டின்னில் அடைத்து வேகவைத்தது அது. இடப்பக்கச் சுவரில் பளபளவென்று நிற்கும் டின்னுக்குள் இருப்பது, வலப்பக்கம் மூட்டையில் கிடக்கும் அதே வகைச் சரக்கு. ஊறவைத்த வேலைக்கும் சாயத்துக்கும் சீனிக்கும் உப்புக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, பச்சைப் பட்டாணி வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். இத்தனை ஆண்டுகள் நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன்.

சத்துக் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் பச்சைப் பட்டாணியில் வைட்டமின் சி ஏறத்தாழ 40 மில்லிகிராம். கார்டன் பீஸ் டின்னை வடித்து நிறுத்தால் அது 10 அளவுக்கு இறங்கிவிடும். காய்ந்த பட்டாணியை வேகவைத்தால் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அக்கா "செத்த சாமான்" என்று ஒதுக்கியவற்றில் கார்டன் பீஸ் டின்னில் கால்பங்காவது உயிரோடு இருக்கிறது. அவர் நம்பிய காய்ந்த சரக்கில் அது அறவே இல்லை. புரதத்தையும் நார்ச்சத்தையும் எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிறது. வேகவைத்த காய்ந்த பட்டாணியில் 100 கிராமுக்கு 8 கிராம் புரதமும் அதே அளவு நார்ச்சத்தும் உண்டு. கார்டன் பீஸ் டின்னில் இரண்டும் ஏறத்தாழ பாதிதான்.

ஏன் இப்படி? டின்னை மூடிய பிறகு அதை 121 டிகிரி வரை சூட்டில் வேகவைக்கிறார்கள். கிளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. புளிப்பில்லாத காய்களைக் காற்றுப் புகாமல் அடைக்கும்போது அந்தக் கிருமி வளர்ந்தால் ஆளையே கொல்லும் நஞ்சை உண்டாக்கும். அதனால் அந்தச் சூடு கட்டாயம். அதே சூட்டில் வைட்டமின் சி-யும் பி1-உம் அடிபடுகின்றன. மிஞ்சியதில் ஒரு பங்கு டின் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீரை நாம் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுகிறோம். காய்ந்த சரக்கில் திருடன் வேறு ஆள்: காற்றும் வெளிச்சமும். வைட்டமின் சி முழுதாகப் போய்விடும், கரோட்டினும் வெயிலில் வெளுக்கும். ஆனால் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, நார், புரதம் ஆகியவற்றை வெயில் தொடுவதில்லை.

இங்கே ஒரு தவறான கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காய்ந்த கொண்டைக்கடலைப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் என்று இருக்கும். டின்னில் 7 கிராம் என்று இருக்கும். மூன்று மடங்கு வித்தியாசம் என்று சொல்லிக் காய்ந்த கடலையைப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். காய்ந்த கடலையில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். அதை யாரும் அப்படியே மென்று தின்பதில்லை. நான் 200 கிராம் கடலையை இரவு ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்து நிறுத்தேன். 450 கிராம் வந்தது. வெந்த கடலையில் 100 கிராமுக்குப் புரதம் 9 கிராம், டின்னில் 7. நார்ச்சத்து சுமார் 7.5-க்கு 6.5. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இதற்காக டின்னைத் தள்ளிவைக்கத் தேவையில்லை.

தள்ளிவைக்கக் காரணம் உப்பு. உப்பில்லாமல் வேகவைத்த கடலையில் 100 கிராமுக்குச் சோடியம் 7 மில்லிகிராம் அளவுதான். நான் வாங்கிய டின்னின் லேபிளில் 250. வடித்த 240 கிராமையும் இருவர் பங்கிட்டுத் தின்றால் ஆளுக்கு 300 மில்லிகிராம் சோடியம், அதாவது முக்கால் கிராம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராம். சுண்டலில் நாம் போடும் உப்பு இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. ஆனால் டின் கடலையை வடித்து, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் சோடியம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. அரை நிமிட வேலை. இரவு ஊறவைக்க மறந்துபோகும் வீடுகளுக்கு இந்த அரை நிமிடம் போதும்.

விலையில் டின் நிற்க முடியாது. கடலை கிலோ 9 ரிங்கிட். 200 கிராமுக்கு 1 ரிங்கிட் 80 காசு கொடுத்து 450 கிராம் வெந்த கடலை கண்டேன். டின் 4 ரிங்கிட் 50 காசு, கையில் வந்தது 240 கிராம். கேஸ் செலவைச் சேர்த்தாலும் பக்கத்தில் வராது. கடலை மூட்டைச் சரக்கு புதிதாக இருந்தது, ஒரே கொதியில் குழைந்தது. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்ற கடலைத் தின்பண்டம் வறுப்பவர்களுக்குக் கொடுத்தாலும் குறை சொல்ல மாட்டார்கள்.

காளானில் நான் தயங்கவே இல்லை. டின் காளானில் 100 கிராமுக்குச் சோடியம் 400 மில்லிகிராமுக்கு மேல். பச்சைக் காளானில் இருந்த பொட்டாசியத்தில் பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விட்டது. இரத்த அழுத்தக்காரருக்கு இதைவிட மோசமான மாற்று கிடையாது: வேண்டாதது ஏறுகிறது, வேண்டியது இறங்குகிறது. இதே கடையில் காய்ந்த சீனக் காளான் கிடைக்கிறது. உப்பு அறவே இல்லை. வெயிலில் காய்ந்ததாக இருந்தால் வைட்டமின் டி கூடவே இருக்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அடியில் நிற்கும் மண்ணை மட்டும் ஒதுக்கிவிட்டு ரசத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைதான் கை கடிக்கும். ஆனால் ஒரு சமையலுக்கு ஐந்து காளான் போதும்.

சோள டின்னை ஐஸ் கச்சாங் என்ற ஐஸ் இனிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கூழ்ச் சோளத்தில் சீனியும் சேர்ந்திருக்கும்.

தக்காளியில் டின்னுக்கே என் ஓட்டு. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன், வெந்த பிறகுதான் உடம்பில் நன்றாகச் சேரும். எண்ணெயோடு சேர்ந்தால் இன்னும் நன்று. சமைக்காத சிவந்த தக்காளியில் 100 கிராமுக்கு இரண்டரை மில்லிகிராம் அளவு, பேஸ்டில் 28-க்கு மேல். புளிப்பு இருப்பதால் அதை அந்த அளவுக்குக் கொடிய சூட்டில் வேகவைக்க வேண்டியதும் இல்லை. மழைக்காலத்தில் கேமரன் மலைத் தக்காளி விலை ஏறும்போதெல்லாம் சாம்பாருக்கு ஒரு மேசைக்கரண்டி பேஸ்ட் போடுகிறேன். உப்புச் சேர்க்காத பேஸ்டா என்று லேபிளைப் பாருங்கள். கடையில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இனி வற்றல். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் அம்மா லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் முறத்தில் சுண்டைக்காய் காயவைத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. சுண்டைக்காய் இங்கே வேலியோரத்தில் தானாக முளைக்கும். ஆனால் வற்றலுக்கு மூன்று நான்கு நாள் தொடர்ந்து வெயில் வேண்டும். நம் ஊரில் காலையில் காயும், மூன்று மணிக்கு மேகம் கூடும். முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்தான் என் பிள்ளைப் பிராயத்தின் பாதிச் சாயங்காலங்கள் போயின. பூஞ்சை பிடித்துவிடக் கூடாது என்று அம்மா மோரில் உப்பை அள்ளிப் போட்டுத்தான் ஊறவைப்பார். இன்று கடையில் தொங்கும் வற்றல் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. வெயில் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் செய்தாலும் உப்பும் மோரும் செய்முறையை விட்டுப் போகவில்லை.

நான் வாங்கிய கொத்தவரங்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய் ஆகிய மூன்று பொட்டலங்களில் ஒன்றில்கூடச் சோடியம் இவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை. ஒன்றில் 'உப்பு' என்ற சொல்லே இல்லை. டின்காரன் எழுதி வைத்திருப்பதால் அவனைக் குற்றம் சொல்கிறோம். வற்றல் பொட்டலம் கட்டியவர் எழுதாமல் விட்டதால் அவரை நம்பிவிடுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

எனவே 20 கிராம் கொத்தவரங்காய் வற்றலை இரண்டு குவளைக் கொதிநீரில் அரைமணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீர் சாயத் தேநீர் நிறத்துக்கு வந்தது. மெல்லிய துணியில் வடித்து, எடை தெரிந்த எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, மெல்லிய தீயில் வைத்தேன். முக்கால்மணி நேரத்தில் தண்ணீர் சுண்டியது. முதலில் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றியது. பிறகு அது கிண்ணத்தின் சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல் கீழிறங்கியது. கடைசியில் அடியில் பழுப்பும் வெள்ளையுமாகப் பொரிப்பொரியாக ஒரு படிவு. ஆறவைத்து நிறுத்தேன். மூன்று கிராம். அது முழுவதும் உப்பு அல்ல, காயிலிருந்து கரைந்ததும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் விரல்நுனியில் தொட்டு அக்காவிடம் நீட்டினேன். நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டார். பிறகு மேசை மேல் இருந்த பொட்டலத்தை எடுத்து இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இதையா தம்பி நான் தினமும் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன்?" என்றார்.

20 கிராம் வற்றல் என்பது அக்கா ஒரு வேளைக்கு எடுக்கும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதல். அதைப் பொரிக்கும் எண்ணெய் தனிக் கணக்கு. மூன்று கிராமில் பாதியே உப்பு என்று வைத்தாலும், அரை டின் கொண்டைக்கடலையில் இருப்பதைப்போல் இரு மடங்கு.

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தமும் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருப்பதாகச் சொல்கிறது. தோட்டத்திலிருந்து தாமான்களுக்கு (வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு) வந்துவிட்ட நம் மக்கள் முன்புபோல் வேர்வை சிந்துவதில்லை. ஆறு மணிநேரம் மரத்துக்கு மரம் நடந்த உடம்புக்கு ஏற்ற சாப்பாடு இன்றும் தட்டில் இருக்கிறது, நடைதான் இல்லை. மருந்து கொடுத்துக் கொடுத்து என் கைக்குத் தெரிந்த உண்மை இது. அதனால்தான் வற்றல் பொட்டலத்தில் உப்பின் அளவை எழுதுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வற்றலில் நல்லது இல்லையா? இருக்கிறது. நார்ச்சத்தும் தாதுக்களும் அப்படியே உண்டு. பொரிக்காமல், கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பில் சேர்த்தேன். குழம்புக்கு வேறு உப்பே போடவில்லை. மணத்தக்காளி இந்த முறைக்கு நன்றாக ஒத்துழைத்தது, கசப்பும் மணமும் குறையவில்லை. கொத்தவரங்காய் நார் நாராகிச் சப்பென்று ஆகிவிட்டது. மோர் மிளகாயை அலச முடியாது. அதை வீட்டிலிருந்து அனுப்பிவிட்டேன். தண்ணீரில் கரையும் சத்தும் கொஞ்சம் போகுமே என்று கேட்கலாம். போகும். காளான் தண்ணீரைச் சேர்க்கச் சொன்னவனே வற்றல் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறேன் என்றால், அதில் என்ன கரைந்திருக்கிறது என்று கிண்ணத்தில் பார்த்துவிட்டேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. டின்னில் விளிம்போ தையலோ நசுங்கியிருந்தால் எடுக்காதீர்கள். உப்பிய டின் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், திறந்து முகர்ந்து பார்ப்பதும் கூடாது. டின் என்பது எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. உலகத்துக்கே அந்த வெள்ளீயத்தை வாரிக் கொடுத்தவை நமக்குத் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்கள் (வெள்ளீயச் சுரங்கங்கள்). நசுங்கினால் தையல் விட்டுக்கொடுக்கும், காற்றும் கிருமியும் நுழையும். இந்தக் கடையில் நசுங்கிய டின்களைத் தனிக் கூடையில் போட்டுப் பாதி விலைக்கு விற்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி நேரிலேயே கேட்டேன். காய்ந்த சரக்கில் பூஞ்சை வாடை வருகிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு மிளகாயிலும் கடலையிலும் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அது விடும் அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். வறுத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, குறிப்பாகப் பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு. தோட்டத்தில் நான் பார்த்த சோகை கொஞ்சநஞ்சம் அல்ல. கடலையிலும் பட்டாணியிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் காய்ந்த சரக்கில் வைட்டமின் சி இல்லாததால் அது உடம்பில் சேரத் துணை வேண்டும். சுண்டலை இறக்கிய பிறகு ஒரு லீமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை வகை) பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதீர்கள், அது இரும்பைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அக்கா இந்த இரண்டாவது விதியை இன்னும் ஏற்கவில்லை.

கடையைப் பற்றிய என் முடிவு: மூட்டைச் சரக்குக்கு மனம் நிறைந்து பரிந்துரைக்கிறேன். தக்காளி பேஸ்டுக்கும் அவசரத்துக்கு ஒரு கடலை டின்னுக்கும் இடப்பக்கம் திரும்பலாம். வற்றல் கம்பிப் பக்கம் போனால் கேள்வி கேளுங்கள். நான் கேட்டேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உப்புப் போடாமல் காயவைத்த சுண்டைக்காய் கிடைக்குமா என்று அனுப்புகிறவரிடம் கேட்கிறேன், டிரசர் ஐயா. வந்தால் கால் கிலோ எடுத்து வைக்கிறேன்" என்றார். நசுங்கிய டின் கூடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சரக்கு வந்ததும் அதிலும் 20 கிராம் ஊறவைத்து, அதே கிண்ணத்தில் சுண்டவைத்துப் பார்ப்பேன். கிண்ணத்தை அக்கா இப்போதே கழுவி அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறார்.